கோயில் யார்பொருட்டு?

எங்கும் நிறைந்த பொருளுக்கு ஓரிடம் வகுத்தலும், வடிவிலாப் பொருளுக்கு வாயிலும் சுவரும் அமைத்தலும் பொருந்துமோ என்னும் வினா மிகப் பழையது. அதனை வினவுவோர் கடவுளில்லை என்பார் மட்டுமல்லர். நாடோறும் கோயிலை வலம்வரும் அன்பருள்ளும் சிந்திக்கும் இயல்புடையார் ஒருகாலத்தேனும் தமக்குள் இதனை வினவியே இருப்பர். 'கோயில்' என்னுஞ் சொல்லே கோவினது இல் என விரிவதாம். இல்லம் வேண்டுவது வெயிலுக்கும் மழைக்கும் ஆற்றாத உடம்புடையார்க்கன்றோ? வெயிலும் மழையுமாய் நிற்பானுக்கு அஃது எற்றுக்கு? கச்சிமாநகரில் வாழ்வார்க்கு இவ்வினா தெருத்தோறும் எதிர்ப்படும். ஆயினும், நமக்கு நெடுந்தொலைவிலே, நமக்கு நெடுங்காலம் முன்னே வாழ்ந்து, தாமும் கோயிலை 'வீடு' என்றே வழங்கிய ஒரு மக்களை உடன்வைத்து நோக்கின், நம் கொள்கை இன்னதென்பது நமக்கே தெளிவாகப் புலப்படும். அம்மக்கள் சுமேரியர்.

சுமேரியர் என்றவுடன் நம்மவருட் சிலர்க்கு ஒரு தனி ஊக்கம் பிறக்கும். அவர்தம் பெருநகருள் ஒன்றன் பெயர் 'ஊர்' என்றிருத்தலானும், அவர் எடுத்த மேடைக்கோபுரம் நம் கோபுரம்போல அடுக்கடுக்காய் உயர்ந்திருத்தலானும், அவரும் தமிழரே என முடிவுகட்டிய கட்டுரைகள் சென்ற நூற்றாண்டிற் பல எழுந்தன. சுமேரிய மொழி வேறெம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி என்பதே மொழிநூலார் பெரும்பாலார் கொள்ளும் கருத்து. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு நாட்டுதல் இலக்கணம் கற்றார்க்கு அழகன்று. உறவு இருந்தாலன்றி அவரிடத்து அறியத்தக்கது ஒன்றுமில்லை என்று விடுத்தலும் அழகன்று.

யூபிரத்தீசு, தைகிரீசு என்னும் ஈராறுகள் கொணர்ந்து குவித்த வண்டல்நிலமே அவர் நாடு. இக்காலத்து ஈராக்கின் தென்பகுதி. அங்கே கல் இல்லை. கட்டடத்துக்குதவும் நன்மரமும் அரிது. மண்ணும் நீரும் நாணலுமே உள்ளன. மண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, வெயிலில் உலர்த்திய கல்லாலேயே அவர் தெய்வங்கட்கு வீடு சமைத்தனர். எரிது என்னும் பழம்பதியில் 1946 முதல் 1949 வரை அகழ்ந்தோர், ஒன்றன்மேலொன்றாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட கோயில்களின் சுவடுகளைக் கண்டனர். அடியிலிருந்த பழங்கோயில்களுள் ஒன்று ஒரே அறையுடையது. சுவரில் ஒரு மாடம், நடுவே ஒரு படையல்மேடை, அவ்வளவே. பழையது சிதைந்தபோது அதனை அகற்றி எறியாது, உள்ளிடத்தை நிரப்பி அதன் தலைமேலேயே அடுத்ததைப் பெரிதாக எடுத்தனர். இவ்வாறு நூற்றாண்டுதோறும் உயர்ந்த மேடையே பிற்காலத்து மேடைக்கோபுரத்துக்கு முதல் என்பர்.

அக்கோபுரங்களுட் புகழ்பெற்றது ஊர் நகரத்தது. கி. மு. 2100-ஐ ஒட்டி ஊர்நம்மு என்னும் அரசன் திங்கட்கடவுளாகிய நன்னாவுக்கு அதனைத் தொடங்கினான். அவன் மகன் சுல்கி முற்றுவித்தான். 1922 முதல் 1934 வரை அந்நகரை அகழ்ந்த லியோனார்டு ஊலி என்பார் அதனை முழுதும் வெளிப்படுத்தினார். அடித்தளம் ஏறத்தாழ 64 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உடையது. உள்ளீடு சுடாத கல். புறத்தே சூளையிற் சுட்ட கல்லை நிலக்கீல் கொண்டு இணைத்த தடித்த போர்வை. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுதற்குச் சுவரெங்கும் சிறு துளைகள் விட்டிருந்தனர். உச்சியில் நின்ற கோயில் இப்பொழுதில்லை.

இதனை நம் கோபுரத்தோடு ஒப்பிடுவார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அம்மேடை முழுதும் திண்ணிய மண். உட்புகுதற்கு அங்கே வழியில்லை. ஏறுவதே உண்டு, அதுவும் குருமார்க்கும் அரசனுக்கும். கிருட்டிணதேவராயர் 1509-இல் திருவேகம்பத்துக்கு எடுப்பித்த இராயகோபுரமோ எத்துணை உயர்ந்ததாயினும் ஒரு வாயிலே. அடியார் அதனை ஏறிக் கடத்தலில்லை. அதன்கீழ் நுழைந்து செல்வர். உருவத்தால் ஒன்றுபோல் தோன்றும் இரண்டும் தொழிலால் வேறாதல் காண்க.

இனி, சுமேரியர் தம் தெய்வத்துக்கு வீடு எடுத்ததன் கருத்து யாது? அதனை அவரே எழுதிவைத்துள்ளனர். இலகாசு என்னும் நாட்டை ஆண்ட குதேயா என்பான், நிங்கிர்சு என்னும் தெய்வத்துக்கு எடுத்த கோயிலின் வரலாறு இரண்டு பெரிய களிமண் உருளைகளிற் பொறிக்கப்பட்டு, 1877-இல் தெல்லோ என்னும் மேட்டில் அகப்பட்டு, இப்பொழுது பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அரசன் ஒரு கனாக் கண்டான். விண்ணும் மண்ணும் அளாவிய ஓர் உருவம் தனக்கு வீடு எடுக்குமாறு பணித்தது. வேறொருவன் நீலக்கற்பலகையிற் கோயிலின் வரைவை எழுதினான். எதிரே அச்சிற் கிடந்தது ஒரு செங்கல். பொருள் விளங்காமையின் அரசன் படகேறிச் சென்று நான்சே என்னும் பெண்தெய்வத்தினிடம் கேட்டுத் தெளிந்தான். வீடு எடுத்தால் நாட்டில் வளம் பெருகும் என்பது தெய்வத்தின் உறுதிமொழி. அவ்வரசனுடைய சிலைகள் சில, கடல்வழியே வரவழைத்த கருநிறக் கடுங்கல்லாற் செய்தவை, இன்றும் உள. அவற்றுளொன்று தலையிழந்திருப்பினும், மடியிற் கோயில்மதிலின் வரைவைத் தாங்கி அமர்ந்திருக்கின்றது. சிற்பநூல் பயில்வார் அதனைக் கண்டால் கைகூப்பாது போகார்.

தெய்வம் வேண்டிற்று, மனிதன் கொடுத்தான். இதுவே அவர்தம் சமயத்தின் அடிநிலை. தேவர் தம் உழைப்புக்கு ஆற்றாமையின், அவ்வுழைப்பைத் தாங்குதற்பொருட்டே மனிதரைக் களிமண்ணாற் படைத்தனர் என்பது அந்நாட்டுப் பழங்கதை. உரூக்கு நகரத்துக் கோயிலிற் கிடைத்த வெண்கற் குடம் ஒன்று, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுடையது, இக்கொள்கையையே சித்திரமாகக் காட்டும். கீழே நீர், அதன்மேற் பயிர், அதன்மேல் ஆட்டுமந்தை, அதன்மேற் கூடை சுமந்த மக்கள் வரிசை, எல்லாவற்றிற்கும் மேலே இனான்னா என்னும் தெய்வத்தின் வாயில். வளமனைத்தும் கீழிருந்து மேனோக்கிச் செல்கின்றது. (2003-ஆம் ஆண்டுப் போரிற் பாகுதாது அருங்காட்சியகத்தினின்று களவாடப்பட்ட இக்குடம், சில திங்களுக்குள் துண்டுகளாய் மீண்டு வந்தது.)

இதனைக் கேட்டு நகைத்தல் எளிது. நகைப்பதன்முன் நாம் நம் கோயிலை நோக்குதல் வேண்டும். அமுது படைக்கின்றோம்; ஆடை சாத்துகின்றோம்; இரவிற் பள்ளியறைக்கு எழுந்தருளப் பண்ணுகின்றோம். பசித்தவனுக்கும் குளிர்ந்தவனுக்கும் செய்வதனைத்தும் பசியும் குளிரும் இல்லாதானுக்குச் செய்கின்றோம். அயலான் ஒருவன் நம்மையும் சுமேரியரையும் ஒருங்கு நோக்கின் என்ன வேறுபாடு காண்பான்? திருவானைக்காவிற் சிலந்தி தன் வாய்நூலால் இழைத்த விதானத்தை யானை குப்பையென்றெண்ணி அழித்தது. சிலந்தியோ அடுத்த பிறவியிற் கோச்செங்கட் சோழராய்த் தோன்றிக் கோயில் பல எடுத்தது. பிறர் வழிபாட்டைக் காணும்போது நாம் யானையின் கண்ணோடு காணாதிருத்தல் நன்று. வழிபடுவார் எவ்வடிவிற் கருதினும் அவ்வடிவாய் நின்று பயனளிப்பவன் முதல்வன் ஒருவனே என்பது சித்தியார் நூலின் துணிபு. அதனால் நன்னாவை நோக்கி ஏறிய படியும் வீண்போயிராது.

செயல் ஒன்றாயினும் கருத்து வேறு. இறைவன் அருவமும், உருவமும், அருவுருவமுமாக நின்றருள்வது தன்பொருட்டன்று என்பது நம் நூன்முடிபு. உயிர் எதனைச் சார்ந்ததோ அதன் இயல்பாய் நிற்கும் தன்மையது. மலத்தைச் சார்ந்து இருளாய் நிற்கும் உயிர், சிவத்தைச் சார்ந்து ஒளியாதற்குப் பற்றுக்கோடு ஒன்று வேண்டும். அப்பற்றுக்கோடு ஐம்பொறிக்கும் எட்டுவதாய் இருத்தல் வேண்டும். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஆலயத்தையும் அடியார் திருவேடத்தையும் அரனெனவே தொழுமாறு விதித்தது இக்கருத்துப் பற்றியே. பாலில் நெய் எங்கும் உண்டாயினும் விளங்குவதில்லை. தயிரில் விளங்கித் தோன்றும். உலகமெங்கும் மறைந்து நிற்பவன் ஆலயத்தில் விளங்கி நிற்பன் என்று நம் ஆசிரியர் காட்டிய உவமை இதுவே. ஆகலின் வீடு வேண்டுவது நெய்க்கன்று; அதனைக் கண்டு கொள்ள வேண்டுவார்க்கே.

திருவேகம்பத்தை நினைமின். சுமேரியர் மண்ணால் வீடு செய்தனர். ஈண்டோ இறைவனே மண். கம்பையாற்றங் கரையில் அம்மை மணலைக் கூட்டி இலிங்கத் திருமேனி செய்து வழிபட, ஆறு பெருக்கெடுத்து வந்தது. அப்பொழுது அம்மை கூரை தேடிற்றிலள்; தழுவிக்கொண்டாள். இறைவன் தழுவக் குழைந்தான். இன்றும் அத்திருமேனிக்கு நீராட்டில்லை, ஆவுடையார்க்கே திருமுழுக்கு.

'அங்ஙனமாயின், கல்லாற் கோயில் எடுத்தல் மிகையன்றோ? உள்ளத்திலேயே கோயில் செய்துகொள்ளலாமே' எனின், இவ்வையத்துக்கு விடையும் நம் கச்சியிலேயே பிறந்தது. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் கோயிலெடுக்க விரும்பிப் பொருள்தேடிப் பெறாராய், நினைவினாலேயே கல்லும் மரமும் தேடி, தச்சரைக் கூட்டி, நன்னாள் கொண்டு, இரவிலும் கண் துயிலாது பணிசெய்து, சிகரமும் மதிலும் கிணறும் குளமும் முறையே அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளிற் கச்சியில் தான் எடுத்த கற்றளிக்குத் தாபனம் செய்யக் காடவர்கோன் நினைந்திருந்தான். அன்றிரவு இறைவன் அரசன் கனவிற் றோன்றி, 'நின்றவூரில் அன்பன் எடுத்த ஆலயத்துள் நாளை நாம் புகுவோம். நீ நின் செயலைப் பின்னாளிற் கொள்க' என்னும் பொருள்படப் பணித்தருளினான்.

குதேயாவின் கனவும் இக்கனவும் அரசர் கண்ட கனவுகளே. இரண்டிலும் பேசப்பட்டது கோயிலே. ஆனால் முன்னையதில் தெய்வம் அரசனிடம் வீடு கேட்டது. பின்னையதில், எடுத்த வீடு ஆயத்தமாய் நிற்க, இறைவன் நாளை மாற்றினான். வீடு வேண்டுவோன் இவ்வாறு செய்வானோ? இறைவன் கற்றளியை வேண்டாவென விலக்கவில்லை. இடித்துவிடு என்றும் பணிக்கவில்லை. ஒரு நாள் பொறுக்கச் செய்தான். அந்த ஒரு நாளில் அரசன் நின்றவூருக்குச் சென்று, கோயில் எங்கேயென்று வினவி, ஊரார் எல்லாரும் இல்லையென, ஓர் ஏழை அந்தணரைக் கண்டு, அவர் நெஞ்சே கோயிலென்றறிந்து, தரையில் வீழ்ந்து வணங்கினான். கற்றளி எடுப்பித்ததனாற் பெறாத ஒன்றை அவ்வணக்கத்தில் அரசன் பெற்றான் என்றே யாம் கருதுகின்றோம்.

அவ்வரசன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் என்றும், அக்கற்றளி கயிலாசநாதர் கோயில் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, கலியுகத்தில் வானொலி கேட்டவன் என்று அவனைப் புகழ்தல் இதற்கு ஒரு சான்றாகக் காட்டப்படும். அக்கல்வெட்டிலேயே, அவன் சைவசித்தாந்த நெறியில் நின்று மலமனைத்தும் கழிந்தவன் என்னும் புகழுரையும் உண்டு. சைவசித்தாந்தம் என்னும் பெயர் கல்லிற் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் இஃது ஒன்று. அதனை முதன்முறை கேட்டார்க்கு உள்ளம் பூரிக்கும்.

ஆனால் அக்கோயிலை வலம்வந்து நோக்குக. மதிலை ஒட்டி வரிசையாய் நிற்கும் சிற்றாலயங்கள் 58. அவற்றில் அரசனுடைய பட்டப்பெயர்கள் ஏறத்தாழ 250 பொறிக்கப்பட்டுள்ளன. சங்கரபத்தன், சிவசூடாமணி என இறைவனைச் சார்ந்தன சில. போரில் வென்றமையும், வில்லில் வல்லமையும், அழகும், கொடையும் பற்றியன பல. மலமனைத்தும் கழிந்தவனுக்கு இத்தனை பெயர் எதற்கு? மும்மலத்துள் முன்னிற்பது ஆணவம். அதுவே 'யான், எனது' என்று இரட்டித்து நிற்பது. அது கழிந்தது என்னும் செய்தியையும் அதுவே கல்லில் எழுதிக்கொண்டது போலும். இக்காலத்தும் விளக்கு ஈந்தவர் பெயர் விளக்கின் கண்ணாடிமேல் எழுதப்பட்டு, ஒளியிற் பாதி பெயராலேயே மறைந்து கிடப்பதைப் பல தலங்களிற் காண்கின்றோம். இராசசிம்மனை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று.

இவ்விடத்திற் சுமேரியர் நமக்கு ஒன்று காட்டுகின்றனர். குதேயா, ஊர்நம்மு முதலியோர் கோயிலெடுக்கும்போது, அரசன் கூலியாளைப்போலத் தலைமேல் மண்கூடை சுமந்து நிற்பதாகச் சிறு செம்புப் படிமம் ஒன்று வார்த்து, அதனை அடித்தளத்திற் புதைத்தனர். கோயில் நிற்குமளவும் அப்படிமத்தை யாரும் காண்டல் இயலாது. செங்கல்லிலெல்லாம் தம் பெயரை முத்திரையிட்டவரும் இவரே. ஆதலின் புகழ் வேண்டாதார் என்று சொல்லவும் இயலாது. என்றாலும், தெய்வத்தின்முன் தான் மண்சுமப்பவன் என்பதை மனிதர் காணாதவிடத்து வைத்த அச்செயல் போற்றத்தக்கது. கையில் உழவாரத்தோடு தலந்தோறும் புல் செதுக்கிய நாவரசரை அறிந்த நமக்கு அப்படிமத்தின் பொருள் யாரும் சொல்லாமலே விளங்கும்.

பெயர் பொறித்தமையால் இராசசிம்மன் செய்த திருப்பணி பயனற்றதாயிற்றோ எனின், ஆகாது. சிவபுண்ணியம் அறிந்து செய்வதும் அறியாது செய்வதும் என இருவகைப்படும். திருமறைக்காட்டில் நெய்யுண்ண வந்த எலி, திரியைத் தூண்டி விளக்கெரியச் செய்தமையின் மாவலியாய்ப் பிறந்தது என்பர். எலிக்கு நெய்யின்மேல் விருப்பம்; அரசனுக்குப் புகழின்மேல் விருப்பம். இருவராலும் விளக்கு எரிந்தது. விருப்பத்தின் அளவே அவரவர் எய்தும் பயனுக்கு எல்லையாகலாம். எரிந்த விளக்கின் ஒளியிற் கண்டு தொழுதார்க்கோ அவ்வெல்லை இல்லை. மேலும், அக்கோயிலைச் சமைத்த சிற்பியர் அரசனினும் நுட்பமுடையார் என்றே தோன்றுகின்றது. பட்டைதீர்ந்த இலிங்கத்தின் பின்சுவரில் அம்மையோடும் குமரனோடும் இறைவன் இனிதமர்ந்த சோமாசுகந்தத் திருவுருவை வைத்தனர். அங்கே கூடை சுமந்து வருவார் ஒருவருமில்லை. கருவறையைச் சூழ்ந்த உள்வழியோ மிகக் குறுகியது. அதன் வாயிலில் எவரும் தவழ்ந்தே நுழைதல் வேண்டும், தவழ்ந்தே வெளிப்படல் வேண்டும். 250 பட்டமுடையானுக்கும் அங்கே வேறு வழி வைத்திலர்.

கோயில் உயிர்கள்பொருட்டு என்று கூறினோம். கூறுவது எளிது. எந்த உயிர்கள்பொருட்டு என்று யாரேனும் வினவின் நாம் தலைகுனிய வேண்டியதொரு காலம் இருந்தது. குதேயா தன் கோயிலில் தெய்வத்தை எழுந்தருளுவித்த ஏழு நாளும் அடிமைப்பெண் தலைவியோடு ஒத்து நடந்தாள் என்று அவ்வுருளைகள் கூறும். ஏழு நாளே எனினும், நாலாயிரம் ஆண்டுக்கு முன்னர்! தெய்வம் தன் தேவைக்கு வீடு கேட்டது என்று நம்பியவர், அவ்வீட்டு விழாவில் தாழ்ந்தாரை உயர்த்தினர். உயிரின் உய்திக்கே கோயில் என்று நூல் செய்த நாம், உய்தி வேண்டிய உயிர்களுள் ஒரு பெருந்தொகுதியை வாயிற்புறத்தே நிறுத்தினோம். திருப்புன்கூரில் நாளைப்போவார்க்காக நந்தி விலகிற்று. நாம் விலகுவதற்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் வேண்டியனவாயின. 1939 சூலைத் திங்கள் 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை கோயிலில் வைத்தியநாத ஐயர் அன்பர் சிலரை உடனழைத்துச் சென்றபோது, அதனை எதிர்த்தவர்களும் ஆகமம் பேசினர். நெய் எல்லார்க்கும் தயிரில் விளங்கும். சிலர்க்கு மட்டும் விளங்காது என எந்த ஆசிரியரும் உவமையை முறித்துரைத்ததில்லை.

இனிக் கோயில் உயிரின்மேற் செய்யும் தொழில் யாதென்பதற்குக் கயிலாசநாதர் கோயிலிலேயே ஒரு சான்று நிற்கின்றது. சுமேரிய நகரங்கள் போரில் வீழ்ந்தபோது, தெய்வம் தன் வீட்டை விட்டகன்றது என்று புலவர் புலம்பினர், கி. மு. 2004-ஐ ஒட்டி ஏலாமியர் ஊர் நகரை அழித்தமைபற்றி எழுந்த இரங்கற்பாட்டு இன்றும் கிடைக்கின்றது. கச்சிக்கும் அவ்வாறொரு நாள் வந்தது. பல்லவரோடு தலைமுறை தலைமுறையாய்ப் பகைத்த சளுக்கியர் குலத்து இரண்டாம் விக்கிரமாதித்தன், கி. பி. 740-ஐ ஒட்டி இந்நகரை வென்று உட்புகுந்தான். ஒரு நூற்றாண்டுக்கு முன் அவன் முன்னோர் தலைநகராகிய வாதாபியைப் பல்லவர் அழித்திருந்தனர். பழிவாங்கக் காரணம் வேண்டுவார்க்கு அதுவே போதும். இராசசிம்மேச்சுரத்துக்கு வந்தான், அதன் பெருஞ்செல்வத்தைக் கண்டான். கவர்ந்தானல்லன், இறைவனுக்கே உரியதென மீள அளித்தான். பின்னர் அவன் அரசி உலோகமாதேவி, பட்டடக்கல்லில் அவன் கச்சி வென்றதன் நினைவாக ஒரு கற்றளி எடுப்பித்தாள். அதன் அமைப்பில் நம் கயிலாசநாதர் கோயிலின் சாயலைச் சிற்பநூலறிஞர் காண்கின்றனர்.

செல்வத்தை மீள அளித்த செய்தியை விக்கிரமாதித்தன் இராசசிம்மேச்சுரத்து முன்மண்டபத் தூணொன்றிற் கன்னடத்திற் பொறிப்பித்தான். அவன் திரும்பிச் சென்றபின் நகரம் மீளவும் பல்லவர் கைப்பட்டது. பகைவன் பெயரும் பகைவன் மொழியும் தாங்கிய அவ்வெழுத்தைச் செதுக்கி எறிய அவர்க்கு ஆளும் உளியும் இல்லாமலில்லை. எறிந்திலர். இராசசிம்மனுடைய 250 பெயரும் ஒருபுறம் நிற்க, அத்தூணில் அக்கன்னட எழுத்து ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு மேலாய் இன்றும் நின்று கொண்டிருக்கின்றது.